யாரிடம் கேட்பது?

2022 ஏப்ரல் 4-ஆம் தேதி காலை கண்விழித்தபோது திருப்பதி, சித்தூர் மாவட்டத்தில் இல்லை. ஒரு வீடும் இடம் மாறவில்லை, ஒரு தெருவும் நகரவில்லை. ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆக்கப்பட்ட நாள் அது. சந்திரகிரியையும் சேர்த்துக்கொண்டு திருப்பதி தனி மாவட்டமானது. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. நெல்லூரில் இருந்த கூடூரும் சூளூர்ப்பேட்டையும், கூடவே ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாவும், திருப்பதிக்கு வந்தன.

சித்தூரில் மாங்காய் மண்டிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். ஃபாக்ஸ்ப்ரோ மொழியின் காலத்தில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வாரம் ஒரு மண்டிக்காரர் கூப்பிட்டார். "சந்திரகிரிக்காரருக்குக் குடுத்த முன்பண ரசீதுல இன்னும் சித்தூர் மாவட்டம்னே வருது. மாத்திக் குடுங்க சார்."

ஒரே ஒரு சொல். பத்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நிரலைத் திறந்து 'சித்தூர்' என்று தேடினால் 43 இடங்களில் வந்தது. ரசீதில் இருந்தது, எடைச்சீட்டில் இருந்தது, ஆண்டுக் கணக்கில் இருந்தது. சில இடங்களில் அது மாவட்டத்தின் பெயர், சில இடங்களில் ஊரின் பெயர். மாற்ற வேண்டியது எது, விட வேண்டியது எது என்று ஒவ்வொன்றையும் படித்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. ஓரிடத்தில், லாரியின் எண் 'ஏபி 03' என்று தொடங்கினால் அது உள்ளூர் வண்டி, வாடகை குறைவு என்று எழுதி வைத்திருந்தேன். 2019-இல் மாநிலம் முழுவதற்கும் 'ஏபி 39' என்று ஒரே குறியீடு வந்தபோதே அந்த வரி செத்துவிட்டது. புதிய உள்ளூர் லாரிகளுக்கெல்லாம் வெளியூர் வாடகை போய்க்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன். மூன்று நாள் ஆயிற்று.

இருபது ஆண்டு ஓடிய நிரல், தொழில் தெரிந்தவன் எழுதியது. ஒரு சொல் மாறியதற்கு அது ஏன் மூன்று நாள் கேட்டது? இந்தக் கேள்விதான் பொருள்நோக்கு நிரலாக்கத்தை உண்மையாகவே கற்றுக்கொள்ள என்னை உட்காரவைத்தது. அதற்கு முன்பே அந்த முறையின் சொற்களெல்லாம் எனக்குத் தெரியும். அதற்கான ஜாவா மொழியிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஜாவாவில் ஃபாக்ஸ்ப்ரோவைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பழைய ஆட்களாகிய நாங்கள் நிரலை எப்படி நினைக்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நிரல் என்ற சொல்லுக்கே வரிசை என்றுதான் பொருள். நிரல்நிறைப் பொருள்கோள் என்று பள்ளியில் படித்தது அதைத்தான். கல்யாணச் சமையலின் தலைமைச் சமையல்காரர்போல நாங்கள் நடுவில் நிற்கிறோம். அரிசியை எப்போது களைவது, பருப்பு எப்போது வேகும், இலை எப்போது விழும், எல்லாம் அவர் தலையில் இருக்கும். மாங்காய் வருகிறது, எடை போடு, கழிவைக் கழி, விலையால் பெருக்கு, முன்பணத்தைக் கழி, ரசீது அடி. மேலிருந்து கீழாகப் படித்தால் முழுக்கதையும் தெரியும். தேர்ந்த நிரலாளரின் பலமே இந்த முழுப்பார்வைதான். பல ஆண்டுப் பயிற்சியில் வருவது, மதிக்க வேண்டியது.

இந்தப் பலம் எங்கே காலை வாரிவிடுகிறது என்பதை 1972-லேயே ஒருவர் எழுதிக்காட்டினார். டேவிட் பார்னாஸ் என்பவர். அவர் எடுத்துக்கொண்டது ஒரு சிறிய வேலை: கொடுத்த வரிகளின் சொற்களைச் சுழற்றிச் சுழற்றி, எல்லா வடிவங்களையும் அகர வரிசையில் அடுக்கித் தரும் அட்டவணை. இதை இரண்டு விதமாகத் துண்டுபோட்டார். முதல் விதம் நாம் எல்லோரும் செய்வது. உள்ளே வாங்குவது ஒரு துண்டு, சுழற்றுவது ஒன்று, அடுக்குவது ஒன்று, அச்சிடுவது ஒன்று. வேலை நடக்கும் வரிசையே துண்டுகளின் வரிசை. இரண்டாவது விதத்தில் அவர் வேறொரு கேள்வி கேட்டார்: இந்த வேலையில் நாளைக்கு மாறக்கூடிய முடிவுகள் எவை? ஒவ்வொரு முடிவையும் ஒரு துண்டுக்குள் வைத்து மூடினார். வரிகளை நினைவகத்தில் எப்படிச் சேமிக்கிறோம் என்பது ஒரு துண்டுக்கு மட்டுமே தெரியும். மற்றவை 'மூன்றாம் வரியின் நான்காம் சொல்லைக் கொடு' என்று அதனிடம் கேட்டு வாங்கும்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். எது அழகு என்று வாதாடவில்லை. வரக்கூடிய மாற்றங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை துண்டுகளில் கைவைக்க வேண்டும் என்று பார்த்தார். சேமிக்கும் முறை மாறினால் முதல் அமைப்பில் எல்லாத் துண்டுகளையும் திறக்க வேண்டும், இரண்டாவதில் ஒன்றை மட்டும். இரண்டு நிரல்களும் தரும் விடை ஒன்றுதான். வித்தியாசம், மாற்றம் வரும் நாளில்தான் தெரியும். இதற்கு அவர் தகவல் மறைப்பு என்று பெயர் வைத்தார். ரகசியம் காப்பது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்திருக்கத் தேவையில்லாதவருக்குத் தெரியாமல் இருப்பது, அவ்வளவுதான். அவர் சோதனையை என் நிரலில் போட்டுப் பார்த்தால் விடை 43.

தகவலை மூடிவைப்பது பாதி. மூடிவைத்தவரே அதைக்கொண்டு வேலையும் செய்ய வேண்டும் என்பது மறுபாதி. இந்த மறுபாதி நார்வேயிலிருந்து வந்தது. அதை விளக்க அலிபிரிக்குப் போனால் போதும்.

திருமலைக்கு வண்டியில் போகிறவர்கள் அடிவாரத்தில் அலிபிரி சுங்கச்சாவடியில் நிற்காமல் போக முடியாது. பேருந்து, ஜீப், கார் எல்லாம் வரிசையில் நிற்கும். சோதனை நடக்கும், வண்டியின் வகைக்கு ஏற்பக் கட்டணம் வாங்குவார்கள். இன்னொரு வாயிலைத் திறந்தால் வரிசை எவ்வளவு குறையும் என்று தெரிய வேண்டும் என்று வையுங்கள். பக்தர்களை நிறுத்திவைத்துச் சோதித்துப் பார்க்க முடியாது. கணினிக்குள் ஒரு போலி அலிபிரியை உண்டாக்கி, போலி வண்டிகளை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இதைப் பாவனையாக்கம் என்கிறோம்.

நார்வே கணிப்பு மையத்தில் கிறிஸ்டன் நைகார்டும் ஓலே-யோஹான் டாலும் 1960-களில் செய்துகொண்டிருந்தது இத்தகைய வேலை. நடுவில் நின்று எல்லா வண்டிகளையும் ஓட்டும் ஒரே வரிசையாக இதை எழுதினால் சீக்கிரமே தலை சுற்றும். இந்த நொடியில் 1-ஆம் வண்டி நகர்கிறது, 2 நிற்கிறது, 3 பணம் கொடுக்கிறது, 4 இன்னும் வரவே இல்லை. அவர்கள் கதையைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் சொந்த விவரங்கள், அதன் சொந்த நடத்தை. வந்தேன், நின்றேன், கொடுத்தேன், போனேன் என்று அது தன் கதையைத் தானே நடத்தும். வரிசை என்பது அவை ஒன்றோடொன்று உறவாடுவதால் தானாக உண்டாவது. இதற்காக அவர்கள் உருவாக்கிய மொழி சிமுலா. அதன் 1967 வடிவத்தில்தான் இன்று நாம் கற்கும் கருத்துகளில் பெரும்பாலானவை முதன்முதலாக ஒன்றுசேர்ந்தன. அப்போது அவர்கள் மண்டையைக் குடைந்த உதாரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? பாலத்தின் மேல் ஒரு சுங்கச்சாவடி, அதில் லாரிகளும் பேருந்துகளும் நிற்கும் வரிசை. அலிபிரி வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். இதைப் படித்த பிறகு அங்கே வரிசையில் நிற்கும்போது அலுப்பு வருவதில்லை.

லாரிக்கும் பேருந்துக்கும் பொதுவானவையும் உண்டு, தனியானவையும் உண்டு. வரிசையில் நிற்பது பொது. சரக்கு ஏற்றுவது லாரிக்கு மட்டும். பொதுவானதை ஒரே இடத்தில் 'வண்டி' என்று எழுதிவிட்டு, அதன் மேல் லாரியையும் பேருந்தையும் கட்டலாம் என்று அவர்கள் கண்டார்கள். தமிழகப் பள்ளிப் பாடநூல்களின் சொற்களில் சொன்னால், 'பேருந்து' என்ற வரையறை இனக்குழு. சாவடியில் நிற்கும் அந்தக் குறிப்பிட்ட பேருந்து, பொருள். 'வண்டி'யின் குணங்கள் பேருந்துக்கு வந்துசேர்வது மரபுரிமம். விவரத்தையும் அதன்மேல் செய்யும் வேலையையும் ஒரே உறைக்குள் வைப்பது உறை பொதியாக்கம். இந்தப் பணிக்காக இருவருக்கும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே, சில வார இடைவெளியில், இருவரும் மறைந்தார்கள்.

சிமுலாவைப் பார்த்துத் தூண்டப்பட்டவர்களில் ஒருவர் ஆலன் கே. உயிரியலும் கணிதமும் படித்தவர். பொருள்நோக்கு என்ற பெயரே அவர் வைத்தது. உடலின் உயிரணுக்கள் ஒன்றின் வயிற்றுக்குள் மற்றொன்று கைவிடுவதில்லை, சைகைகளை அனுப்பிக்கொள்கின்றன. கணினிப் பொருள்களும் அப்படியே செய்தி அனுப்பிப் பேசட்டும் என்றார். ஜெராக்ஸ் ஆய்வகத்தில் 1972-இல் பிறந்த ஸ்மால்டாக் மொழி அந்த எண்ணத்தின் மேல் எழுந்தது. இனக்குழுவையும் மரபுரிமத்தையும்விடச் செய்திதான் முக்கியம் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

செய்தி ஏன் முக்கியம் என்பதற்கும் மலைப்பாதையிலேயே உதாரணம் இருக்கிறது. திருப்பதியிலிருந்து திருமலைக்கு 2022 செப்டம்பரில் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. மலையேறும் முன் ஒவ்வொரு வண்டிக்கும் ஆற்றல் போதுமா என்று பார்க்கும் நிரல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பாணியில் அது ஓர் ஏணி: பேருந்து எனில் டீசல் தொட்டியைப் பார், கார் எனில் பெட்ரோலைப் பார். இதே ஏணி பணிமனை நிரலில் ஒருமுறை, அறிக்கையில் ஒருமுறை வரும். மின்பேருந்து வந்ததும் எல்லா ஏணிகளையும் தேடிப்பிடித்து ஒவ்வொரு படி சேர்க்க வேண்டும். ஒன்றை மறந்தால் போச்சு. பொருள்நோக்கில் சாவடி கேட்பது ஒரே கேள்வி: "மலையேறப் போதுமான ஆற்றல் இருக்கிறதா?" டீசல் பேருந்து தொட்டியைப் பார்த்துச் சொல்லும், மின்பேருந்து மின்கலத்தைப் பார்த்துச் சொல்லும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சாவடி கேட்காது. ஒரே கேள்விக்கு ஒவ்வொரு பொருளும் தன் வழியில் விடை சொல்வதைப் பல்லுருவாக்கம் என்கிறார்கள். புதிய வண்டி வந்தால் புதிய வண்டியை மட்டும் எழுதினால் போதும். சாவடியைத் தொட வேண்டாம்.

இவ்வளவு தெளிவாக இருந்தும், அனுபவம் உள்ளவர்களுக்கு இது ஏன் கடினம்?

கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இருவர் 1989-இல் இதற்கு ஒரு விடை எழுதினார்கள். இலக்கணம் தெரியாதது அவர்கள் கண்ட தடையல்ல. எது எப்போது நடக்கிறது என்ற முழுப்பார்வையை விட்டுக்கொடுக்க மனம் வராததுதான் பெரிய தடை. ஒவ்வொரு பொருளுக்கும் தன் அக்கம்பக்கம் மட்டுமே தெரியும், அதுவே போதும் என்று நம்ப வேண்டும். நடுவில் நின்று பழகியவருக்கு அந்த இடத்தைக் காலிசெய்வது வலிக்கும். இதைப் படித்தபோது என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. மேலிருந்து கீழாக எழுதும் படிமுறை நிரலாக்கத்தில் ஏற்கெனவே தேர்ந்தவர்கள் பொருள்நோக்குக்கு மாறும்போது என்ன செய்கிறார்கள் என்பதைப் பிரான்ஸின் பிரான்சுவாஸ் தெத்தியென் போன்றவர்கள் கிட்ட இருந்து கவனித்து ஆராய்ந்திருக்கிறார்கள். பழைய பழக்கம் உள்ளே வந்துவிடுகிறது. நடக்கும் வரிசைப்படி வேலைகளை ஓரிடத்தில் குவித்துவிட்டு, பிறகுதான் பிரிக்கத் தொடங்குகிறார்கள். பொருள்களைக் கண்டுபிடிப்பது எல்லோருக்கும் இயல்பாக வந்துவிடும் என்ற நம்பிக்கை, கவனித்துப் பார்த்தபோது அப்படியே நிற்கவில்லை. நான் ஜாவாவில் முதலில் எழுதியதும் 'மண்டி மேலாளர்' என்ற ஒரே ராட்சதப் பொருள்தான். மற்றவை அதன் முன் வெறும் டப்பாக்கள்.

பெக்கும் கன்னிங்ஹாமும் வைத்த மருந்து எளியது. நாலுக்கு ஆறு அங்குல அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் மூன்று விஷயம்: இனக்குழுவின் பெயர், அதன் பொறுப்புகள், அது யாருடைய உதவியைக் கேட்கும். கணினியை மூடிவைத்து, அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, நாமே அந்தப் பொருளாகப் பேச வேண்டும். அட்டை சிறியதாக இருப்பது வேண்டுமென்றே. எழுத இடம் போதவில்லை என்றால் அந்தப் பொருள் அளவுக்கு மீறிச் சுமக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சனிக்கிழமை இதைச் செய்துபார்த்தோம். பயிற்சிக்கு அலிபிரியையே எடுத்துக்கொண்டோம். நான் சாவடி. சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண் ஒருத்தி பேருந்து அட்டையைப் பிடித்திருந்தாள். "உன் கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கட்டணத்தை என்கிட்ட ஏன் சார் கேக்கறீங்க? அதை மாத்தறது தேவஸ்தானம் ஆச்சே. நாளைக்கு அவங்க ஏத்தினா பஸ்ஸை எதுக்குத் திறக்கணும்?"

கட்டணப்பட்டியல் என்று புதிய அட்டை அந்த நிமிடம் எழுதப்பட்டது. பேருந்து சொல்ல வேண்டியது தன் வகையை மட்டும். எந்த வகைக்கு எவ்வளவு என்பது பட்டியலின் பொறுப்பு. பார்னாஸின் கேள்வியை அவள் படித்ததில்லை. ஆனால் கேட்டது அதையேதான். எது எதனோடு சேர்ந்து மாறும்? உலகில் கண்ணால் காணும் பெயர்ச்சொற்களையெல்லாம் பொருள்களாக்கினால் வடிவமைப்பு வந்துவிடும் என்று பல புத்தகங்கள் தொடங்குகின்றன. அது வழிகாட்டும் தூரம் குறைவு. கட்டணப்பட்டியலை யாரும் வரிசையில் நிற்கப் பார்த்ததில்லை. பொறுப்பைத் தேடியபோதுதான் அது கிடைத்தது.

அதே சனிக்கிழமை நான் இன்னொரு பள்ளத்திலும் விழுந்தேன். 'பேருந்து' அட்டையில் 'டீசல் நிரப்பிக்கொள்' என்று ஒரு பொறுப்பு எழுதியிருந்தேன். மின்பேருந்தும் பேருந்துதானே என்று மரபுரிமத்தில் சேர்த்தேன். பணிமனை அட்டை வைத்திருந்தவர் எல்லாப் பேருந்துகளையும் டீசல் நிரப்பச் சொன்னார், மின்பேருந்து விழித்தது. தாய் இனம் கொடுத்த வாக்கைப் பிள்ளை இனம் காப்பாற்ற வேண்டும், தாயை எதிர்பார்க்கும் இடத்தில் பிள்ளையை வைத்தால் எதுவும் உடையக் கூடாது என்பது பார்பரா லிஸ்கோவ் 1987-இல் முன்வைத்த விதி. 'இதுவும் பேருந்துதானே' என்ற தமிழ் வாக்கியம் சரியாக இருப்பதால் மரபுரிமம் சரியாகிவிடாது. காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைடஸ் நால்வரும் 1994-இல் வெளியான வடிவமைப்பு வார்ப்புகள் பற்றிய நூலில், மரபுரிமத்தைவிடப் பொருள்களைச் சேர்த்துக் கட்டுவதையே பெரிதும் நாடச் சொன்னார்கள். அதன்படி 'ஆற்றல் மூலம்' என்று தனிப் பொருள் செய்து பேருந்துக்குள் வைத்தோம். தொட்டி ஒரு வகை, மின்கலம் ஒரு வகை. பேருந்து பேருந்தாகவே இருந்தது.

எல்லாவற்றுக்கும் இந்த முறை வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை ஓட்டிவிட்டுத் தூக்கிப்போடும் கணக்குக்கு மேலிருந்து கீழாக எழுதுவதே நல்லது. பொருள்கள் பெருகினால் கதையைத் தொடர ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டியிருக்கும். அது உண்மையான விலை. மாற்றம் எங்கே அடிக்கடி வருகிறதோ அங்கே அந்த விலையைக் கொடுக்கலாம்.

மாவட்டம் அப்படிப்பட்ட இடம். 43 இடங்களையும் அழித்துவிட்டு 'முகவரி' என்ற பொருளை எழுதினேன். ரசீதுக்கு மாவட்டம் தெரியாது. முகவரியிடம் கேட்டு அச்சிடும். வேலை முடிந்தது என்று நினைத்திருந்தபோது மண்டிக்காரர் திரும்பக் கூப்பிட்டார். தணிக்கைக்காக 2021-ஆம் ஆண்டு ரசீதை மறுபடி அச்சிட்டால் அதிலும் திருப்பதி மாவட்டம் என்று வருகிறதாம். அப்படி ஒரு மாவட்டமே அன்று கிடையாது.

திருத்தணியை நினைத்துக்கொண்டேன். எங்களிடம் மாங்காய் கொண்டுவருகிறவர்களில் அந்தப் பக்கத்துக்காரர்களும் உண்டு. திருத்தணி எந்த மாவட்டம்? 1910-இல் கேட்டால் வட ஆற்காடு. 1911-இல் சித்தூர் மாவட்டம் உண்டானதும் சித்தூர். 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு. 1997-இலிருந்து திருவள்ளூர். நான்கும் சரியான விடைகள்தாம். கேள்விதான் அரைகுறையாக இருந்தது. இப்போது எங்கள் ரசீது முகவரியிடம் "உன் மாவட்டம் எது?" என்று கேட்பதில்லை. தன் மேல் அச்சிட்டிருக்கும் தேதியைக் கொடுத்து, "அந்த நாளில் உன் மாவட்டம் எது?" என்று கேட்கிறது.